நம் பங்குக்கு எழுதப்பட்ட வரி

(வானொலி மறையுரை – ஆண்டவருடைய திருப்பாடுகளின் குருத்து ஞாயிறு)



இன்று கையில் குருத்தோலை ஏந்தி ஆலயத்துக்குள் நுழைகிறோம். நுழைந்த சிறிது நேரத்தில் திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது. மற்ற ஞாயிறுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்போம். இன்று அப்படி அல்ல. ஒருவர் வரலாற்றைச் சொல்லுகிறார். ஒருவர் இயேசுவின் வார்த்தைகளைச் சொல்லுகிறார். மற்றொருவர் பிலாத்தாக, பேதுருவாக, பணிப்பெண்ணாகப் பேசுகிறார். பல ஆலயங்களில் கூட்டத்தின் குரல் மட்டும் நம் எல்லாருக்குமாக விடப்படுகிறது. இயேசுவைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துகிற வரி அது. சற்று முன் ஓசன்னா பாடிய அதே வாயால் அதைச் சொல்லுகிறோம்.

திருச்சபை ஏன் இப்படி வைத்திருக்கிறது? இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பிரித்தார்கள் நம் முன்னோர். அதில் நாடகத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கதை எழுதுகிறவர், 'இவன் நல்லவன், அவன் கெட்டவன்' என்று நமக்குச் சொல்லிவிடலாம். நாடகம் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. யார் என்ன பேசினார், என்ன செய்தார் என்பதை மட்டுமே அவர் எழுத முடியும். மீதியைப் பார்க்கிறவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. நாடகம் தாளில் எழுதி முடித்தவுடன் முடிந்துவிடுவதில்லை. இன்னொரு மனிதர் தம் உடலையும் குரலையும் மூச்சையும் அதற்குக் கொடுக்க வேண்டும். அதுவரை அது வெறும் எழுத்து. வாக்கு மனிதர் ஆனார் என்று யோவான் நற்செய்தி சொல்லும் மறைபொருளை நினைத்துப் பார்த்தால், கிறிஸ்தவர்களுக்கு நாடகம் ஏன் இவ்வளவு நெருக்கமாயிற்று என்பது விளங்கும்.

பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் துறவிகளுக்கென எழுதப்பட்ட ஒழுங்குநூல் ஒன்றில், உயிர்ப்புப் பெருவிழா அன்று கல்லறைக் காட்சியை எப்படி நடித்துக் காட்டவேண்டும் என்ற குறிப்புகள் இருக்கின்றன. ஒரு துறவி வானதூதராக அமர்ந்திருக்க, மூவர் தூபக் கலசத்துடன் யாரையோ தேடுவதுபோல வரவேண்டும். ஐரோப்பிய நாடகக்கலை இப்படி ஆலயப் பீடத்தருகே மறுபடி முளைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள்.

நம் மண்ணிலும் இது வேரூன்றியது. இடைக்காட்டூரிலும் ஆவூரிலும் பாஸ்கா பார்க்கத் திரளும் மக்களை நீங்கள் அறிவீர்கள். நாடகக் கம்பெனிகள் கோலோச்சிய காலத்தில் நவாப் இராஜமாணிக்கம் அவர்களின் தேவி பால விநோத சங்கீத சபா, நம் ஆண்டவரின் வாழ்வை 'ஏசுநாதர்' என்ற பெயரில் மேடையேற்றியது. இராஜமாணிக்கம் தீவிர ஐயப்ப பக்தர். திரைப்படங்களில் வில்லனாக நாம் பார்த்த எம்.என். நம்பியார் சிறுவயதில் சேர்ந்தது இவருடைய கம்பெனியில்தான். நம் சமயத்தைச் சேராத ஒருவர் நம் ஆண்டவரை மேடையில் கொண்டுவந்தார் என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால், அன்பார்ந்தவர்களே, நாடகம் காயப்படுத்தவும் கூடும். ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்றொரு மலையூர். 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது, பிழைத்தால் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவோம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். 1634-இல் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒருமுறை இன்றும் நடக்கிறது. 2020-இல் நடக்கவேண்டியது, கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போனது. இவ்வளவு பக்தியான அந்த நாடகத்தில்தான் யூத மக்கள் கொடியவர்களாகவே நெடுங்காலம் காட்டப்பட்டார்கள். 1934-இல் இட்லர் அதைப் பார்த்தார். பின்னர் பாராட்டியும் பேசினார். அதற்குப்பின் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமையை உலகம் அறியும். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மீதும், இன்றைய யூதர்மீதும் சுமத்தக்கூடாது என்று தெளிவாக அறிவித்தது. பின்வந்த ஆண்டுகளில் ஓபராமர்காவ் நாடகத்தின் வசனங்களும் திருத்தப்பட்டன.

தவறு எங்கே நேர்ந்தது? கத்துகிற கூட்டம் 'அவர்கள்' என்று நினைத்ததில். இன்றைய வழிபாடு அந்த வரியை நம் வாயில் வைப்பது அதனால்தான். அது நம் பங்குக்கு எழுதப்பட்ட வரி.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, எங்கள் பங்கில் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடத் தீர்மானித்தோம். பதிவு செய்த வசனத்துக்கு வாயசைப்பது வேண்டாம், நேரிலேயே பேசுவோம் என்று முடிவாயிற்று. ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் முடித்தவர்கள், எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் முடித்தவர்கள், துறைமுக வாசலில் கண்டெய்னர் வரிசையில் நின்று களைத்த டிரைலர் ஓட்டுநர்கள் எல்லாரும் ஞாயிறு மாலை ஒத்திகைக்கு வந்தார்கள்.

விசைப்படகில் வேலை செய்யும் ஒருவரும் வந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். குடிப்பழக்கம் உள்ளவர். மாதா கெபி முன் இரண்டு முறை சத்தியம் செய்து இரண்டையும் மீறியவர். "ஃபாதர், பேதுரு வேஷம் எனக்குக் குடுங்க. வலை இழுத்த கை இது" என்றார்.

குழுவில் பேசினோம். "ஊரே சிரிக்கும் ஃபாதர், குடிகாரருக்குப் பேதுரு வேஷமா?" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். வலையைத் தொட்டே அறியாத, ஆனால் மதிப்புள்ள ஒருவருக்குப் பேதுரு வேடம் போயிற்று. இவருக்குத் திரை இழுக்கும் வேலையும், திரைக்குப் பின்னாலிருந்து சேவல்போல் கூவும் வேலையும் கொடுத்தோம். மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

நாடக இரவு. மேடையில் பேதுரு முதல்முறை மறுதலித்தார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. சேவல் கூவவேண்டும். கூவவில்லை. பேதுருவாக நடித்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். முன்வரிசையில் சலசலப்பு. பிறகு ஒரு கூவல் வந்தது, பாதியில் உடைந்துபோன குரலில். பேதுரு எழுதியிருந்தபடி அழுதார். மக்கள் கைதட்டினார்கள்.

கோபத்தோடு திரைக்குப் பின்னால் போனோம். கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து அவர் அழுதுகொண்டிருந்தார். "மூணு தடவைன்னு எழுதியிருக்கு ஃபாதர். எண்ணிக்கினே இருந்தேன். என்னோடது மூணுக்கு மேல ஃபாதர்" என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை.

இராயபுரம் என்ற பெயரே இராயப்பர் பெயரால் வந்தது என்பார்கள் நம் பெரியவர்கள். படகுத்தொழில் செய்தவர்கள் 1829-இல் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. மூன்று முறை ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னவரின் பெயரைத்தான் ஒரு பேட்டைக்கே வைத்து வாழ்கிறோம். அப்படிப்பட்ட கடற்கரையில், விழுந்து எழுகிற ஒரு மீனவருக்குப் பேதுரு வேடம் தகாது என்று முடிவு செய்தோமே!

நற்செய்தியில் இயேசு 'வெளிவேடக்காரர்' என்று சிலரைக் கண்டிக்கிறார். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் நாடக நடிகரைக் குறிக்கும் சொல். ஆனால் மேடையில் வேடம் போடுகிறவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. இது வேடம் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வேடத்தை வேடம் என்று ஒத்துக்கொள்ளாமல் திரிவதுதான் வெளிவேடம். அந்த இரவில் மேடைக்குப் பின்னால் இருந்தவர் உண்மையாக இருந்தார். வெளிவேடம் எங்கள் குழுவில் இருந்தது. பங்குத்தந்தையின் நாற்காலியிலும் இருந்தது.

அன்றோடு அவர் குடியை விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த தவக்காலத்தில் நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டு, பேதுருவாக நடிக்க அழைத்தோம். சிரித்தார். "வேணாம் ஃபாதர். கூவுறதே போதும். அத்த மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். இன்றுவரை அவர்தான் கூவுகிறார். குடி குறைந்திருக்கிறது. விழுகிறார், எழுகிறார். பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்கிறார். குழுவில் இப்போது, ஒருவரை வேண்டாம் என்று சொல்லும் முன் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை.

அன்பார்ந்த நேயர்களே, இந்தப் புனித வாரத்தில் திருப்பாடுகளை வாசிக்கக் கேட்போம். சில ஊர்களில் நடிக்கவும் பார்ப்போம். இயேசுவுக்காக அழுவது எளிது. பிலாத்தின்மீது கோபப்படுவதும் எளிது. அதோடு நின்றுவிடாமல், இதில் நம் வரி எது என்று தேடுவோம். தெரியாது என்று சொன்ன நாள் உண்டா? கூட்டத்தோடு சேர்ந்து ஒருவருக்கு எதிராகக் குரல் கொடுத்தோமா? கை கழுவினோமா? நம் தெருவில், நம் அன்பியத்தில், 'இவருக்கு இந்த இடம் தகாது' என்று நாம் ஒதுக்கியவர் யார்? பாஸ்காவுக்கு முன் அவர் வீட்டு வாசல்வரை ஒருமுறை நடந்து போவோம்.

மன்றாடுவோம்: மறுதலித்த பேதுருவைத் திரும்பிப் பார்த்த ஆண்டவரே, எங்களையும் திரும்பிப் பாரும். எங்கள் வேடங்களை நாங்களே களைய அருள்தாரும். நாங்கள் ஒதுக்கியவர்களின் குரலில் உமது குரலைக் கேட்கச் செய்தருளும். ஆமென்.