இறுகிய மண்ணில் ஒரு ஸதகா

மழைக்காக துஆ கேட்கிறோம்; பெய்யும் மழையை ஏற்க மண் வேண்டுமே! புவி வெப்பம் கூடக்கூட மானாவாரி நிலத்தின் மக்கிய சத்து அழிகிறது. கொட்டித் தீர்க்கும் மழையோ மேல்மண்ணை அரித்தோடுகிறது.

ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில், 1980களின் வறட்சியில் நிலம் ஓடாய் இறுகியபோது பலர் ஊரைவிட்டே சென்றனர். குர்ஆன் மதரஸாவில் ஓதிய யாகூபா ஸவாதோகோ என்ற விவசாயி, கோடையிலேயே முன்னோர் முறையில் குழிகளைத் தோண்டி, அவற்றை அகலமாக்கி எருவிட்டார். எருவைத் தேடிவந்த கரையான்கள் (நாம் வெறுக்கும் அதே கரையான்கள்தாம்!) மண்ணைத் துளைத்தன; மழைநீர் உள்ளிறங்கியது; சோளமும் கம்பும் விளைந்தன.

பைத்தியக்காரர் என்றனர்; அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைத்தனர். மீண்டும் நட்டார். நட்ட மரத்தில் பறவை உண்பதையும் ஸதகா என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்களன்றோ! தேடிவந்தோருக்கெல்லாம் அம்முறையைக் கற்பித்த அவர் 2023இல் வஃபாத்தானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக!