குளத்து நீரை இறக்காமல் கரைக்கசிவை அடைத்தல்

(சிவகிரியில் கூடிய நம் சங்கத்தாரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



பிசானப் பயிர் பொதி கட்டி நிற்குங் காலத்திற் குளக்கரையில் ஊற்றுக் கண்டால் ஊரார் இரு கட்சியாய்ப் பிரிவதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். கரையடியிற் குடியிருப்போர் மடையைத் திறந்து நீரை வடித்துவிடுவதே உசிதம் என்பர்; கடைமடைக்காரரோ, நீரை வடித்தால் தம் பிள்ளைகளின் சோற்றை வடித்ததாகும் என்று முறையிடுவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. நீரை இறக்காமலே கசிவை அடக்கும் வழியும் உண்டாகையால் அதனைக் குறித்துச் சில வார்த்தை கூறுகின்றோம்.

கசிவு யாவும் அபாயமன்று. கரையின் புறத்தே அடியில் வரும் நீர் தெளிவாயும் அளவு கூடாமலும் இருக்குமாயின் கவனித்து வந்தாற் போதும். கலங்கலாய் வருமாயின் கரைமண்ணை உள்ளிருந்து அரித்து வருகின்றதென்பது திண்ணம்; அப்பொழுது தாமதித்தல் ஆகாது. நண்டு வளை, எலி வளை, வெட்டிய மரத்தின் மக்கிய வேர் ஆகியவையே பெரும்பாலும் அதற்கு வழி திறப்பன. (மரத்தை வெட்டி விற்பவர் தூரை மட்டும் குளத்திற்குத் தானமாக விட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம்!)

இங்கே நம்மவர் செய்யும் பெரும்பிழை யாதெனின், நீர் வெளிவரும் வாயிற் களிமண்ணை அப்பி மிதிப்பதேயாம். வாயை மூடினால் நீர் கரைக்குள் நின்று வேறு வழி தேடிப் பக்கத்திற் பீறிடும். வெளிப்புறத்திற்கு வேண்டுவது அடைப்பன்று, வடிகட்டியே. முதலிற் பருமணல், அதன்மேற் சரளை, அதன்மேற் கல் என இட்டால் நீர் வரும், மண் வாராது. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாய் அடுக்கி உள்ளே நீரைத் தேக்கினால் அதன் பாரமே வேகத்தைத் தணிக்கும்.

அடைப்பு உட்புறத்திற்கே உரியது. கசிவுக்கு நேரே நீர்ப்பரப்பில் உமியைத் தூவின், அது சுழன்று இழுபடும் இடத்தின் கீழே துவாரம் இருக்கும். ஆளை இறக்கிக் காலால் தடவச் சொல்லும் வழக்கத்தை அறவே விடல் வேண்டும். இழுப்பிற் சிக்கிய காலை மீட்டல் அரிது. தடித்த தார்ப்பாயின் அடிவிளிம்பிற் கல்லைக் கட்டிக் கரைச்சரிவோடு இறக்கினால் குளத்து நீரே அதனைத் துவாரத்தின்மேல் அழுத்தும். அதன்மேற் களிமண் மூட்டைகளைச் சரிவோடு அடுக்கலாம். எங்கும் பரவிய மெல்லிய கசிவாயின் பெண்டனைட்டு என்னும் மண்ணைத் தூவுவதுண்டு. அது நீரிற் பன்மடங்கு உப்பும் இயல்பினது. கச்சுப் பிரதேசத்தில் வெட்டியெடுக்கப்படுகின்றது. ஆனால் உலர்ந்த குளத்து மண்ணோடு கலந்து திமிசு போடுவதைப் போல இது உறுதியன்று.

நம் சிவகிரி மலையிற் பிறப்பதாகச் சொல்லப்படும் பெரியாற்றை மறித்து 1895-இல் முடிந்த அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டியதே, அதுவும் கசிந்தது. 104 அடி மட்டத்துக்குக் கீழுள்ள நீர் சுரங்கத்தின் வழியே இறங்காதாகையால் ஏரியை வற்றச் செய்து பழுது பார்த்தல் இயலாது. 1930-களில் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். அது கற்கட்டு, நம்முடையது மண்கரை. ஆகையால் அவ்வுபாயத்தை இங்கே அப்படியே கொள்ளலாகாது.

குடிமராமத்துக்கு வாராதவரிடம் பணம் வசூலிக்க 1858-இலேயே சட்டம் பிறந்தது. சட்டம் இருந்தும் நம் முன்னோர் ஐப்பசிக்கு முன்னரே களிமண்ணையும் மணலையும் கரைமேற் குவித்து வைத்தது தம் பயிரை எண்ணியே. இப்பொழுது அடைத்தது தற்காலிகமேயாகும். அறுப்பு முடிந்து குளம் வற்றியதும், சித்திரையில், துவாரத்தை அடிவரை தோண்டிக் களிமண்ணைச் சாண் சாணாய் இட்டுத் திமிசு போட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓராள் வருதல் வேண்டும்; கடைமடைக்காரர் மட்டும் வந்தாற் போதாது.