வீட்டு வாசலில் கற்ற பாடம்



பிள்ளைகளுக்குத் துணிவான அன்பையும் தொண்டையும் கற்றுத் தருவது ஓய்வுநாள் பள்ளியா, இல்லமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். ஓய்வுநாள் பள்ளிதான்னு அடிச்சுச் சொன்னார். மனப்பாட வசனத்துக்குத் தன் மகன் வாங்கின எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வரைக்கும் கணக்குச் சொன்னார். சந்தோஷம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பிறரை நேசிக்கணும்னு வசனம் ஒப்பிச்சுட்டு, பரிசோட பிள்ளை வீட்டுக்கு வர்றான். வாசல்ல தண்ணி லாரி. அவன் அம்மா பக்கத்து வீட்டு அம்மா குடத்தைத் தள்ளி விட்டுட்டு தன் குடத்தை வைக்கிறாங்க. (சிரிப்பு) பிள்ளை எதை ஐயா மனப்பாடம் பண்ணுவான்?

சிரிப்பை விடுங்க. நிஜமான ஒரு பிள்ளையைப் பத்திச் சொல்றேன். பேர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, நம்ம கொல்லிமலையில் வளர்ந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். ஒரு நாள் மூணு தொழுநோயாளிகள் மலையேறி வந்து அவங்க வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. இன்னிக்கு அது மாத்திரையில் குணமாகிற நோய். அன்னிக்குச் சரியான மருந்து கிடையாது. அப்பா முகத்தில் பழக்கமில்லாத ஒரு கலக்கம். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். கைக்கு உறை மாட்டினார். அப்புறம் அவங்க காலடியில் உட்கார்ந்து, புண்பட்ட பாதங்களைக் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டினார். அம்மா ஒரு கூடை நிறையப் பழம் கொண்டு வந்து வெச்சாங்க. வந்தவங்க பழத்தை எடுத்துக்கிட்டு, கூடையை விட்டுட்டுப் போயிட்டாங்க. பையன் ஓடிப் போய் கூடையை எடுக்கப் போனான். "தொடாதே"ன்னு அம்மா சத்தம் போட்டாங்க. அப்பா கூடையைத் தீயில் போட்டார்.

கவனிக்கணும் ஐயா. அந்த அப்பா அச்சமே அறியாத வீரர் இல்ல. பயந்தார். பயந்துகிட்டே கழுவினார். அச்சமில்லாதவர் செய்யறதைப் பாத்தா, 'அவரால முடியும், நம்மால ஆகாது'ன்னு பிள்ளை ஒதுங்கிடும். பயப்படுற அப்பா செய்யறதைப் பாத்தாத்தான் 'நாமும் செய்யலாம்'னு தோணும். இயேசு தொழுநோயாளியைத் தொட்டார்னு வகுப்பில் சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா சொல்றவர் கை நடுங்குதா இல்லையான்னு அங்கே பிள்ளைக்குத் தெரியாதே! (கைதட்டல்)

எதிரணி சகோதரி குறுக்கே கேப்பாங்க: 'அந்தப் பையனை 9 வயசில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்களே, அப்புறம் ஏது வீடு?' நல்ல கேள்வி. 1929-ல் அப்பா அதே மலையில் காய்ச்சலில் இறந்துட்டார். தந்தி போச்சு. தந்திக்குப் பிறகு, அவர் உயிரோடு இருந்தப்போ எழுதின கடிதம் கப்பல் தபாலில் பையன் கைக்கு வந்துச்சு. அந்த வீடு, ஐயா, கடல் தாண்டியும் பேசிக்கிட்டிருந்தது.

இதெல்லாம் கொல்லிமலைக் கதை, தாம்பரத்துக்கு என்னம்மா சம்பந்தம்னு நடுவர் பாக்கறார். இங்கேதான் ரயில் ஏறுங்க. செங்கல்பட்டில் இறங்குங்க. பக்கத்தில் திருமணி, அங்கே தொழுநோய் மருத்துவமனை. பையன் வளர்ந்து, அறுவை மருத்துவரா 1946-ல் வேலூருக்கு வந்துட்டார். 1947-ல் திருமணிக்குப் போறார். மடங்கிப்போன விரல்களோட ஒரு இளைஞர். கையுறை இல்லாமல், தன் கையை அந்தக் கைக்குள்ளே கொடுத்து, "முடிஞ்ச மட்டும் அழுத்து"ன்னார். இளைஞர் அழுத்தினார். டாக்டருக்கு வலி தாங்கல! செத்துப்போச்சுன்னு உலகம் ஒதுக்கின கையில் அவ்வளவு வலு. அந்த நல்ல தசையின் நாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாத்திக் கட்டலாமேன்னு யோசிச்சார். அப்படிக் கட்டித்தான் பல பேர் கையைத் திரும்ப உழைக்க வெச்சார். கை கொடுத்துப் பாக்காம இருந்திருந்தா அந்த வலு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அம்மா ஈவ்லின் என்ன ஆனாங்க? கணவரைப் புதைச்ச மலைக்கே திரும்ப வந்தாங்க. முதுமையிலும் குதிரையேறி மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டு போனாங்க. 1974-ல் 95 வயசில் இறந்தாங்க.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அடுத்த ஸ்டேஷன் பேரே சானடோரியம்! 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்குத் தொடங்கின இடம். 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கிட்டாங்க. சொந்தக்காரங்களே கைவிட்ட எத்தனையோ பேருக்கு அது அடைக்கலம். அங்கிருந்து ஒரு சித்தப்பா தேறி நம்ம வீட்டுக்கு வர்றார்னு வெச்சுக்குங்க. டம்ளர்ல ஒட்டாதுன்னு டாக்டர் தெளிவாச் சொல்லித்தான் அனுப்பியிருக்கார். அவர் காபி குடிச்ச டம்ளரை நாம தனியா கவுத்து வைக்கிறோமா, நம்ம டம்ளரோட சேத்து வைக்கிறோமா? பிள்ளை அடுக்களை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கு...

மணி அடிச்சிட்டாங்க. அந்த டம்ளரை எங்கே வைக்கிறதுன்னு எதிரணி வந்து பதில் சொல்லட்டும். (கைதட்டல்)