எதிராளியின் வலிமை எவ்வளவு?



சதுரங்கத்தில் வல்லவர் ஒருவர் புதியவரோடு ஆட நேர்ந்தால், தொடக்கத்திலேயே தமது காய்களில் ஒன்றை எடுத்து அப்புறம் வைத்துவிடுவதுண்டு. குதிரைப் பந்தயத்திலும் விரைவுமிக்க குதிரையின்மீது கூடுதல் பாரம் ஏற்றுவார்கள். ஆட்டம் ஒருதலையாக முடிந்துவிடக் கூடாது என்பதே இதன் கருத்து. தொலைக்காட்சித் திரையில் நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து விளையாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால் அதைப் பெரியவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

டில்லியிலும் மும்பையிலும் நாலாம் மாடியில் குடியிருக்கும் குடும்பத்தில், பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் ஏது? பள்ளி விட்டு வந்ததும் திரைக்கு முன் அமர்ந்துவிடுகிறார்கள். ஒரு நாள் எட்டுக் கோல் போட்டுச் சலித்துப் போகிறார்கள். மறுநாள் ஐந்து கோல் வாங்கி, கையிலுள்ள கன்ட்ரோலரை வீசி எறிகிறார்கள். தாய் தந்தையர் விளையாட்டையே பழிக்கின்றனர். பழிக்க வேண்டியது விளையாட்டை அன்று, தகுதிக்கு ஒவ்வாத படியைத் தேர்ந்துகொண்டதையே.

1993 முதல் ஃபிஃபா என்னும் பெயரிலும், 2023 முதல் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்னும் பெயரிலும் வெளிவரும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் பிகினர், அமெச்சூர், செமி-ப்ரோ, ப்ரொஃபெஷனல், வேர்ல்டு கிளாஸ், லெஜெண்டரி, அல்டிமேட் என ஏழு படிகள் உள்ளன. படி உயர உயர, கணினி ஆட்டும் அணி விரைந்து நெருங்கும்; பந்தைப் பிழையின்றிக் கடத்தும்; கிடைத்த வாய்ப்பை எளிதில் நழுவவிடாது. நண்பர்கள் உச்சப் படியில் ஆடுகிறார்கள் என்பதற்காகத் தானும் அங்கே ஏறி அடிபடுவது இளைஞர் இயல்பு. பத்து ஆட்டங்களில் நாலைந்து வெற்றி கிடைக்கும் படி எதுவோ, அதுவே ஒருவருக்கு உரிய படி என்பது என் கருத்து. எட்டு ஒன்பது வெற்றி வந்தால் ஒரு படி ஏறலாம்.

ஏறியபின் வேறொரு தொல்லை தோன்றும். உயர்ந்த படியில், கீழ்ப் பிரிவைச் சேர்ந்த எளிய அணியும் உலகக் கோப்பை வென்ற அணியைப் போலப் பந்தைக் கோத்துக் கோத்து ஆடத் தொடங்கிவிடும்! இங்கேதான் ஸ்லைடர்கள் துணைக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் பூச்சியத்திலிருந்து 100 வரை நகரும்; இயல்பு நிலை 50. ஆடுபவருக்கு ஒரு தொகுதியும் கணினிக்கு ஒரு தொகுதியும் தனித்தனியே உண்டு. கணினியின் பாஸ் பிழையை 50லிருந்து 58 அல்லது 60க்கு உயர்த்தினால், எளிய அணி எளிய அணியாகவே ஆடும். அதே படி, அதே எதிராளி. ஆனால் மனிதர் ஆடும் ஆட்டமாகத் தோன்றும். ஓட்ட வேகத்தைக் குறைப்பதானால் இரு தரப்புக்கும் சமமாகக் குறைத்தலே முறை. தனக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வெல்பவன் யாரை வென்றான்? வேகம் பற்றிய ஸ்லைடர்களில் இரண்டு மூன்று புள்ளிகளே ஆட்டத்தின் போக்கை மாற்றிவிடும். ஆகையால் ஒரே நாளில் பத்தை மாற்றாமல், ஒன்றை மாற்றி, நாலைந்து ஆட்டம் ஆடிப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்ட நேரத்தையும் கவனித்தல் வேண்டும். பாதிக்கு ஆறு நிமிடம் என்று ஆடிவிட்டு, கோல் வரவில்லையே என்று ஸ்லைடரைத் திருகுவோர் பலர். பாதியைப் பத்து நிமிடமாக்கினாலே அக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தந்தையும் மகளும் எதிரெதிராக ஆடினால் தந்தை தோற்பது ஏறக்குறைய உறுதி. விரைவில் அவர் எழுந்துபோய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். இருவரும் ஒரே அணியில் சேர்ந்து கணினியை எதிர்க்கலாம் என்பதைப் பலர் அறியார். அப்போது படியை மகளின் திறனுக்கு ஏற்ப வைக்காமல், இருவருக்கும் இடையில் ஒன்றாக வையுங்கள். மகள் சற்றுப் பொறுத்துக்கொள்வாள்.

தோற்கும்போதெல்லாம் கணினி வஞ்சிக்கிறது என்று சொல்லுவோர் உலகெங்கும் உளர். ஆடுபவர் அறியாதபடி ஆட்டத்தின் கடுமை மாற்றப்படுகிறது என்று 2020இல் கலிபோர்னியாவில் அந்நிறுவனத்தின்மீது வழக்கே தொடுத்தார்கள். நிறுவனம் அதை மறுத்தது; 2021இல் வழக்குத் தொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றனர்.

இனி ஒன்று. மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் அத்தை மகனோடும் சித்தப்பா மகளோடும் இணையத்தின் வழியே ஆடும் பிள்ளைகள் நம்மிடையே பலர். ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் மட்டும் காணும் உறவு, இப்போது ஞாயிறுதோறும் கூடுகிறது. இணைய ஆட்டத்தில் படியும் இல்லை, நாம் அமைத்த ஸ்லைடர்களும் செல்லா. வீட்டில் வேகத்தைத் தணித்து ஆடிப் பழகிய பிள்ளை, அங்கே முதல் பத்து நிமிடம் திகைத்து நிற்கும். எனவே சனிக்கிழமை மாலையே எல்லா ஸ்லைடர்களையும் 50க்குத் திருப்பி, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு உறங்கச் செல்லட்டும்.