இரண்டு மழைக்கு ஒரு சாலை

பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் ஓசூர் நெடுஞ்சாலையை விட்டு ஆனேக்கல் பக்கம் திரும்பும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஊரோடு நின்றுவிடும். நிற்காமல் போகிறவை தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லைச் சேரும். 100 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான வழி. பின்பாதி முழுக்கக் காடு.

மழைக்காலத்தில் போகலாமா என்று கேட்கிறவர் எந்த மழையைக் கேட்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் இந்த வழிக்கு மழை இரண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குடகிலும் வயநாட்டிலும் கொட்டுவது காவிரியின் மழை. கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி மதகு திறந்தால், அஞ்செட்டியில் வெறும் தூறல் விழும் நாளில்கூட ஒகேனக்கல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். செப்டம்பர், அக்டோபரில் இடியோடு வருவது சாலையின் மழை. அப்போது ஆறு அடங்கியிருக்கலாம். காட்டு ஓடைகள் அடங்காது.

சந்தாபுராவிலேயே மழைநீரின் கதை தொடங்கிவிடுகிறது, அவ்வளவு அழகாக இல்லை. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த இந்த ஊர் ஏரிக்காகத்தான் 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

ஆனேக்கல் தாண்டி மாநில எல்லை வருவது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். பேச்சில் தெரியாது. இரு பக்கமும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குகின்றன. குளிருக்காக வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்றழைத்த தளி இதோ. அருகிலுள்ள ஜவளகிரியும் கும்மளாபுரமும் கென்னத் ஆண்டர்சனை வாசித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்கள். பெங்களூரில் வாழ்ந்த அந்த வேட்டைக்காரர் 1954-ல் வெளியிட்ட முதல் புத்தகமே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியில்தான் தொடங்குகிறது. ஆட்கொல்லிகளின் காலம் போய்விட்டது. இப்போது இந்த வட்டாரத்தின் இரவுப் பேச்சு யானை. மழை ஓய்ந்து ராகி கதிர் முற்றும் நேரத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. விவசாயிகள் பரண் கட்டி, பட்டாசும் கையுமாக விடிய விடியக் காவல் இருக்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதை. பங்குனியில் மொட்டையாக நிற்கும் இலையுதிர் காடு மழைக்காலத்தில் சாலையோரம் வரை அடர்ந்துவிடுகிறது. விலங்கு பார்க்க வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான்: எங்கும் தண்ணீர் கிடைப்பதால் அவை ஒரு குட்டையைத் தேடிக் கூடுவதில்லை. ஓட்டுநருக்கோ ஆபத்து, வளைவுக்கு அந்தப்பக்கம் நிற்கும் யானை கிட்டே போகும்வரை கண்ணில் படாது. ஆரன் அடிக்காமல் நிறுத்திக் காத்திருப்பதே வழி.

அஞ்செட்டியில் தொட்டல்லா ஆறு. கோடையில் மணலும் பாறையுமாகக் கிடப்பது, மலையில் மழை பிடித்தால் செம்மண் நிறத்தில் புரண்டு வரும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எதிரே ஒரு பைக்காரர் துணிந்து இறங்குகிறார் என்பதற்காக யாரும் இறங்க வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இங்கிருந்து காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2014-ல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். கரையோரம் கிளைபரப்பி நிற்கும் நீர்மருது மரங்களில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. ஆற்றில் முதலையும் நீர்நாயும் உண்டு.

ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள பிலிகுண்டுலுவில்தான் தமிழகத்துக்கு வரும் நீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்த 177.25 டி.எம்.சி. கணக்கும் இந்த இடத்தில் எடுப்பதே. 2024 ஜூலை இறுதியில் வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அருவிகளே அடையாளம் தெரியாமல் மறைந்தன. இப்படிப்பட்ட நாளில் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விழும். ஆகவே கிளம்பும் காலையில் செய்தித்தாளில் பிலிகுண்டுலு எண்ணைப் பார்த்துவிடுங்கள். மாலை தாமதமானால் வந்த காட்டுவழியே திரும்பாமல், பென்னாகரம், தருமபுரி வழியாக நெடுஞ்சாலையைப் பிடிப்பது உத்தமம்.