ஐஸ்கிரீம் தலைவலியும் பத்து நிமிடக் கணக்கும்

(கோடை விடுமுறை நிறைவு நாளில் கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம் மேடம், எல்லாரும் ஐஸ்கிரீமுக்குக் காத்திருக்காங்க" என்று செயலாளர் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார். நான் பேசப்போவதும் அந்த ஐஸ்கிரீமைப் பற்றித்தான்.

போன வாரம் விளையாட்டுப் போட்டி முடிந்ததும் குழந்தைகளுக்குக் குச்சி ஐஸ் கொடுத்தோம். ஒரு பையன் அவசர அவசரமாகக் கடித்துத் தின்றுவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாட்டி பதறிப்போய், "இனிமே ஐஸ் பக்கமே போகக்கூடாது" என்றார். ஒருவர் தைலம் எடுத்தார், இன்னொருவர் மாத்திரை தேடினார். தைல மூடியைத் திறப்பதற்குள் பையன் எழுந்து ஓடிவிட்டான்.

இதுதான் ஐஸ்கிரீம் தலைவலி. கடும் குளிர்ச்சி மேல் அண்ணத்திலும் தொண்டையின் பின்புறத்திலும் பட்டதும், அங்குள்ள ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, பிறகு விரிகின்றன. அந்த வலியை எடுத்துச் செல்வது 'ட்ரைஜெமினல்' என்ற நரம்பு. நெற்றியின் உணர்வையும் அதே நரம்புதான் சுமக்கிறது. அதனால் அண்ணத்தில் பிறந்த வலியை நெற்றியில் வந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது. மாரடைப்பு வலி இடது கையில் தெரிகிறதே, அதுபோலத்தான்.

கனடாவில் ஹாமில்டன் நகரப் பள்ளி ஒன்றில், 145 மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. ஐந்து நொடிக்குள் விழுங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது. முப்பது நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே பாட்டிமார்களே, ஐஸைத் தடுக்க வேண்டாம், அவசரத்தைத் தடுத்தால் போதும்.

வலி வந்துவிட்டால் சாப்பிடுவதை நிறுத்துங்கள். நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்தி வையுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு வாய் குடியுங்கள். மாத்திரை வேண்டாம். அது வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே வலி போய்விடும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு இந்த வலி வரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் இன்னும் நிதானமாகச் சாப்பிடுங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு பேச்சா என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், என் அண்ணன் ஐஸ் போட்ட ரோஸ் மில்க்கை மடமடவென்று குடித்தார். சற்று நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா குடிக்கக்கூடாதா அண்ணா?" என்று நான்தான் சிரித்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் வலி விடவில்லை. "குளிர்ச்சி ஏறிடுச்சு" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். சாயங்காலம் எழுப்பியபோது பேச்சு குழறியது, வலது கை தூக்க வரவில்லை. மூளையில் ரத்தக்கசிவு. ரோஸ் மில்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, அவ்வளவுதான். அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறார். அத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நான், வீட்டில் கடிகாரத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அதனால் ஒரே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஐஸ்கிரீம் தலைவலி பத்து நிமிடத்துக்குள் தானாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் பழியை ஐஸ்கிரீம் மேல் போடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை வந்திராத அளவு கடுமையான வலி, வாந்தி, கழுத்து இறுக்கம், பேச்சுக் குழறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி, இதில் ஒன்று தெரிந்தாலும் பத்து நிமிடம்கூடப் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நல்ல பழக்கம்! வாருங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். மெதுவாக.