உடைமை என்னும் சொல்: கொள்முதலும் வரையறையும்



மொழியியல் பயின்றவன் கொள்முதலைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் வினவக்கூடும். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பல, தமக்கு வேண்டிய பொருள்களையும் சேவைகளையும் சிறுபான்மையினரும் பெண்களும் நடத்தும் நிறுவனங்களிடமிருந்தும் வாங்க முயன்று வந்துள்ளன. இதனை ‘வழங்குநர் பன்மை’ எனலாம். இதில் யார் உள்ளே வருவர், யார் வெளியே நிற்பர் என்பதை ஒரு வரையறையே முடிவு செய்கிறது. ஆகவே இது சொல்லாராய்ச்சிக்கும் உரிய பொருளாகிறது.

1969இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணையால், சிறுபான்மையினர் தொழில்களுக்கென அரசு அலுவலகம் ஒன்று தோன்றியது. 1972இல் பெருநிறுவனங்களையும் சிறுபான்மை வழங்குநர்களையும் இணைக்கும் தேசிய மன்றம் உருவாயிற்று. பெண்களுக்கு வழி திறக்க மேலும் காலம் சென்றது. தொழிற்கடன் பெற விரும்பிய பெண், ஆண் உறவினர் ஒருவரின் கையொப்பத்தை நாட வேண்டிய நிலை சில மாநிலங்களில் இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையை நீக்கியது. பெண்களின் நிறுவனங்களுக்குச் சான்றளிக்கும் தேசிய மன்றம் 1997இல் அமைந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் இலக்கண உரையாசிரியர்கள் ‘சிறுபான்மை’ என்பதை அருகி வரும் வழக்கைக் குறிக்க ஆண்டனர். இன்றைய இந்திய வழக்கில் அது பெரும்பாலும் சமயத்தையும் மொழியையும் சார்ந்து நிற்கிறது. அமெரிக்கக் கொள்முதலிலோ அது இனம் பற்றியது. கறுப்பினத்தவர், இஸ்பானிய வழியினர், பழங்குடியினர், ஆசிய வழியினர் அதனுள் அடங்குவர். இந்திய வழியினரும் சேர்க்கப்பட்டிருப்பதால், அங்குக் குடியேறிய தமிழரும் இச்சொல்லின் எல்லைக்குள் வருகின்றனர். பெண்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையர் அல்லர். ஆதலால் அவர்களுக்குத் தனிப் பெயரும் தனிச் சான்றும் வேண்டியதாயிற்று.

சான்று பெற விழைவோர், நிறுவனத்தில் குறைந்தது 51 விழுக்காடு உடைமை தமக்குண்டு எனக் காட்ட வேண்டும். அது மட்டும் போதுமா? பெயரளவில் மனைவியை உரிமையாளராக்கிவிட்டு, கணவனே தொழிலை நடத்தலாமன்றோ? இத்தகைய ஏற்பாட்டுக்குப் ‘பினாமி’ என்னும் பாரசீக வழிச்சொல் நம்மிடம் வழங்குகிறது. இதனைத் தடுக்கவே மேலாண்மையும் கட்டுப்பாடும் வரையறையில் சேர்ந்தன. விலையை உறுதி செய்பவர் யார், வங்கிக் கணக்கில் கையொப்பமிடுபவர் யார், தொழிலின் நுட்பம் அறிந்தவர் யார் எனச் சான்றளிப்போர் ஆராய்கின்றனர்; நேரில் சென்றும் பார்க்கின்றனர்.

பெருநிறுவனங்களைப் போன்றே அரசுக் கொள்முதலிலும் இச்சிக்கல் உண்டு. அங்குள்ள சிறுதொழில் திட்டமொன்றில், குறிப்பிட்ட சில இனத்தவர் சமூகத்தில் பின்தள்ளப்பட்டோர் என முன்னரே கொள்ளப்பட்டனர். 2023 ஜூலையில் டென்னசியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாறு கொள்வதைத் தடை செய்தது. அதன்பின், அவ்வாறு இடம்பெற்றிருந்தோர் தாம் உற்ற புறக்கணிப்பைத் தத்தம் சொற்களில் எழுதிக்காட்ட வேண்டியதாயிற்று. தொழிலில் தேர்ந்த ஒருவர் எழுத்தில் தேராதவராயின் அவர் நிலை என்ன? பட்ட இன்னல் மெய்யாயினும், அதனைத் தெளிவுறச் சொல்லத் தெரியாதவர்க்கு வாய்ப்புக் கைநழுவும். வரையறை கூரியதாகுந்தோறும் மொழியறிவின் பொறுப்பும் கூடுகிறது.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘உரிமையாளர்’ என்னும் சொல்லை ஒரே வாக்கியத்தில் வரையறுக்கும்படி மாணவரிடம் கூறுங்கள். அவ்வாக்கியத்தில் பினாமி நுழையும் இடைவெளி எங்குள்ளது என்று மற்றொரு மாணவர் தேடட்டும். இருவரும் சேர்ந்து அதனைத் திருத்தட்டும். அப்போது, தகுதியுடையவரை வெளியே நிறுத்தாமலும் தகுதியற்றவரை உள்ளே விடாமலும் ஒரு வாக்கியம் அமைப்பது எத்துணை அரிது என்பதை அவர்கள் உணர்வர். நாளை ஒப்பந்தம் எழுதுவோரும் அதில் கையொப்பமிடுவோரும் அவர்களே.